மூடி எங்கே, மகளே?

அன்பு மகளுக்கு,

தாசேக் கெலுகோர் கோயிலில் நீ கொடுத்த நாலு பக்கத் துண்டறிக்கையை உன் அப்பா என்னிடம் கொண்டுவந்து தந்தான். வீட்டு செப்டிக் டேங்க் கழிவுநீருக்கு என்ன விதி என்று நம் தாமான் குடியிருப்பு மக்களுக்குத் தமிழில் எழுதியிருக்கிறாய். தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்பது நம் இருவருக்கும் தெரிந்த பாடம், அதை விட்டுவிடுகிறேன். இரண்டாம் பக்கத்தைப் படித்ததும் எரிச்சல் வந்தது. மூன்றாம் பக்கத்துப் படத்தைப் பார்த்ததும் கோபமே வந்துவிட்டது.

இரண்டாம் பக்கத்தில் 2009 கழிவுநீர் விதிமுறைகளின் அட்டவணையை அப்படியே தூக்கி வைத்திருக்கிறாய். குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேல்பகுதியில் ‘ஏ’ தரம், பிஓடி (உயிர்வேதி ஆக்ஸிஜன் தேவை) லிட்டருக்கு 20 மில்லிகிராம்; மற்ற இடங்களில் ‘பி’ தரம், 50. கீழே, “உங்கள் தொட்டி நீர் இந்த அளவைத் தாண்டக்கூடாது” என்று தடித்த எழுத்து வேறு. யாருடைய தொட்டியம்மா? 150 பேர் கணக்குக்குக் குறைந்த குடியிருப்பை அந்த விதிமுறைகள் தொடுவதே இல்லை. ஒரு வீட்டுக்கு 5 பேர் என்று போடுகிறோம். 30 வீடு சேர்ந்தால்தான் 150. ஒற்றை வீட்டின் தொட்டி அந்த அட்டவணைக்குள் வராது.

சரி, வந்தாலும் என்ன ஆகும்? உள்ளே போகும் கழிவுநீரின் பிஓடியை 250 என்று வைத்துத்தான் வரைபடம் போடுகிறோம். நன்றாகப் பராமரித்த தொட்டி அதில் பாதியைக் குறைத்தாலே பெரிது. மிச்சம் நூற்றுக்கு மேல் வீட்டுப் பின்னால் ஓடும் சாக்கடையான லோங்காங்கில் விழும். 50 என்ற எண்ணை எந்தத் தொட்டியாலும் தொட முடியாது. முடியாத எண்ணைக் காட்டி மிரட்டினால், படிக்கிறவர் துண்டறிக்கையை மடித்து வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார். அவர் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: தொட்டியைத் திறந்து, கசடை எடுக்கச் சொல்வது. 2006ஆம் ஆண்டின் நீர்ச் சேவைத் தொழில் சட்டம் 2008 ஜனவரியில் நடப்புக்கு வந்த பிறகு, அந்தப் பொறுப்பு வீட்டுக்காரர் தலையில்தான். அதை நீ நாலாம் பக்கத்தின் கடைசி வரியில், அச்சகத்தின் பெயருக்கு மேலே, பொடி எழுத்தில் போட்டிருக்கிறாய்.

இனி அந்தப் படம். கார் போர்ச், பளபளக்கும் டைல்ஸ், அதன் கீழே வெட்டிக் காட்டிய தொட்டி. குழாய், தடுப்புச் சுவர், ‘டி’ வடிவ வெளிக்குழாய் எல்லாம் சரி. மூடி எங்கே? டைல்ஸுக்கு அடியில் புதைத்துவிட்டாய்! இப்படித்தான் நம் ஊரில் ஒவ்வொரு கொன்ட்ரேக்டரும் புதைக்கிறான். நீயும் புதைத்துக் காட்டினால் அதுதான் முறை என்று ஜனங்கள் நினைத்துக்கொள்ளும்.

நான் மூடிப் பைத்தியம் என்று உன் அப்பா சொல்லியிருப்பான். ஆமாம், பைத்தியம்தான். 1994இல் இண்டா வாட்டர் நிறுவனம் பொறுப்பேற்றதற்கு முன், தொட்டி காலி செய்வது ஊராட்சி மன்றங்களின் வேலையாக இருந்த காலத்திலிருந்தே நான் மூடி தேடுகிறவன். ஒரு வீட்டில் பிள்ளைக்குக் கல்யாணம், கூட்டம் நிறைய, கக்கூஸ் எதிர்த்துக்கொண்டு வந்துவிட்டது. உன் அப்பாவும் நானும் லோரியோடு போனோம். பின்கட்டை இழுத்துக் கட்டிப் புது சமையலறை போட்டிருந்தார்கள். வரைபடத்தை விரித்து அளந்தால் மூடி நேராக கேஸ் அடுப்புக்கு அடியில் வருகிறது. மேலே குழம்பு கொதிக்கிறது. வீட்டு அம்மா உன் அப்பாவிடம் கேட்டது: “தம்பி, குழம்பு இறக்கினதுக்கு அப்புறம் உடைக்கலாமா?” அப்பா கரண்டியை வாங்கிக் குழம்பைக் கிண்டிக்கொண்டே நின்றான். அன்றைக்கு எங்களுக்குச் சாப்பாடு நன்றாகவே கிடைத்தது. டைல்ஸை உடைத்தது அடுத்த நாள்.

அந்த வீட்டில் எதிர்த்து வந்ததே பெரிய அதிர்ஷ்டம். பெரும்பாலான வீடுகளில் அது நடப்பதில்லை. கசடு நிறைய நிறைய, தண்ணீர் தங்கும் நேரம் குறையும். படிய வேண்டியது படியாமல் அப்படியே வெளிக்குழாய் வழியாக லோங்காங்குக்குப் போய்விடும். கக்கூஸ் மட்டும் சொகுசாக இழுத்துக்கொண்டே இருக்கும். “இருபது வருஷமா தொட்டியைத் தொட்டதே இல்லை, ஒரு பிரச்னையும் இல்லை” என்று பெருமையாகச் சொல்கிறவரின் வீட்டுப் பின்னால் போய் லோங்காங்கைப் பார். இதை உன் துண்டறிக்கையில் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை.

புதைத்த மூடியில் இன்னொரு ஆபத்து. வருஷக்கணக்கில் அடைபட்ட தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைட் என்ற நச்சுவாயு தேங்கி நிற்கும். டைல்ஸை உடைத்ததும் எட்டிப் பார்க்கத்தான் யாருக்கும் தோன்றும். தமிழ்நாட்டில் இப்படி இறங்கிச் செத்த தொழிலாளர்களின் கதை உனக்குத் தெரியும். தொட்டிக்குள் மனிதரைப் பாதுகாப்பில்லாமல் இறக்கக்கூடாது என்று 2013இல் இந்தியா முழுமைக்கும் சட்டமே போட்டார்கள், அப்புறமும் சாவு நிற்கவில்லை. ஜார்ஜ்டவுன் பின்சந்துகளில் மலவாளி தூக்கியவர்களில் நம்மவர்களும் உண்டு. நம் தலைமுறையில் யாரும் தொட்டிக்குள் தலையை நீட்டக்கூடாது. மூடி வெளியே தெரிந்தால் லோரிக்காரர் ஹோஸை விட்டு உறிஞ்சிவிட்டுப் போய்விடுவார், அவ்வளவுதான் வேலை.

இவ்வளவு திட்டிய பிறகு ஒன்றைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மூன்றாம் பக்கத்தின் அடியில், குளியலறைத் தண்ணீரும் சமையலறைத் தண்ணீரும் தொட்டிப் பக்கமே போவதில்லை, பழைய வீடுகளில் அவை நேராக லோங்காங்கில் விழுகின்றன என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்துவிட்டு எழுந்து நடந்தேன். கம்போங் செலாமாட் பன்றிப் பண்ணைகளைக் காட்டி, சுங்கை கெரே கெட்டுப்போச்சு என்று ஊரே பேசிக்கொண்டிருக்கும்போது, “நம் வீட்டுச் சட்டி கழுவிய தண்ணீரும் அந்த ஆற்றுக்குத்தான் போகிறது” என்று கோயில் வாசலில் நின்று சொல்ல ஒரு நெஞ்சுரம் வேண்டும். பண்ணைகளின் குற்றத்தை நீ குறைத்தும் சொல்லவில்லை. நான் நாற்பது வருஷம் இந்தத் தொழிலில் இருந்தேன். இவ்வளவு நேராக யாரும் எழுதிப் பார்த்ததில்லை. அந்தப் பத்தியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவா. ஒரு எழுத்தையும் மாற்றாதே.

அட்டவணையைத் தூக்கு. எண் இல்லாவிட்டால் படித்தவள் எழுதியது போல் இருக்காது என்று பயப்படுகிறாய் என்று நினைக்கிறேன். எண் வேண்டுமென்றால், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மொத்தக் கழிவுநீர் 225 லிட்டர் என்று நாம் போடும் கணக்கைச் சொல். ஐந்து பேர் வீட்டில் 1,125 லிட்டர். அது ஜனங்களுக்குப் புரியும், வாளி கணக்கு தெரிந்தவர்கள். தொட்டியில் ஊற்றினால் கசடு கரைந்துவிடும் என்று கடையில் விற்கும் பொடியைப் பற்றி ஒரு வரி எழுதிவிடு: அதை நம்பி லோரியைக் கூப்பிடாமல் இருக்க வேண்டாம்.

படத்தைப் புதிதாக வரை. டைல்ஸ் மட்டத்துக்கு மூடி தெரியட்டும், பிடி இருக்கட்டும். பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, வீட்டுச் சுவரிலிருந்து மூடி எத்தனை அடி என்று வீட்டுக்காரரே எழுதி வைக்க இடம் விடு. பின்கட்டை இழுத்துக் கட்டப் போகிறவர்கள் மாநகராண்மைக் கழகத்தில் அனுமதி கேட்கும்போதே கொன்ட்ரேக்டரிடம் அந்தக் கட்டத்தைக் காட்டச் சொல். ஞாயிற்றுக்கிழமை வா, பழைய வரைபடங்கள் பரணில் கிடக்கின்றன. உன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா, ஏணியைப் பிடிக்க ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
உன் மாமா