கோடை முடிவில் கூந்தன்குளம்: நாரைக் குஞ்சுக்கும் ஒரு கடைசித் தண்ணீர்

வைகாசி கழிந்து ஆனி பிறக்கும் சமயத்தில், திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்திலுள்ள கூந்தன்குளத்தின் கரையில் காலை ஆறு மணிக்குப் போய் நின்று பாருங்கள். குளம் பாதிக்கு மேல் வற்றியிருக்கும். மிச்சத் தண்ணீர் பாசி படர்ந்து பச்சையாகக் கிடக்கும். எச்ச வாடை மூக்கைத் துளைக்கும். கருவேல மரங்களின் உச்சியெல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருக்கும். அந்த மரங்களின் மேல் அநேகமாக முழு வளர்ச்சி அடைந்த குஞ்சுகள் சிறகை விரித்து விரித்து மடக்கிக்கொண்டு, தாய்ப் பறவை வரும் திசையைப் பார்த்து நிற்கும்.

விவசாயப் பகுதியில் பறவைகளுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. அந்தக் குஞ்சுகள் பிழைப்பதும் மடிவதும் சரணாலயத்துக்குள் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. சுற்றுவட்டாரத்துக் குளங்களின் கடைசித் தண்ணீரை நாம் எப்படிச் செலவு செய்கிறோம் என்பதைப் பொறுத்தும் அது அமைகிறது.

யார் போனார்கள், யார் இருக்கிறார்கள்?

கூந்தன்குளம் மழைநீரோடு மணிமுத்தாறு அணையின் கால்வாய்த் தண்ணீரையும் பெறும் பாசனக் குளம். 1994-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் பின்னர் இடம் பெற்றது. குளிர்காலத்தில் இங்கு வரும் வரித்தலை வாத்து முதலிய வெளிநாட்டு விருந்தாளிகள், கோடை முற்றும் முன்பே இமயத்தைத் தாண்டி மத்திய ஆசியாவுக்குத் திரும்பி விடுகின்றன. கோடையின் கடைசியில் இங்கே இருப்பவை பெரும்பாலும் குடும்பஸ்தர்கள். மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நீர்க்காகம், வக்கா ஆகியவை குஞ்சு வளர்க்க வந்தவை.

செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில் வடகிழக்குப் பருவமழையோடு கூடு கட்டும் பறவைகளில் பெரும்பாலானவை கோடைக்குள் கிளம்பி விடும். கூந்தன்குளத்திலோ கூடு கட்டுவது தாமதம். ஆகவே குஞ்சு வளர்ப்பு கடுங்கோடையைத் தாண்டி ஆனி வரை நீளுகிறது. ஊருக்குள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் மரங்களிலும் நாரைகள் கூடு கட்டுகின்றன. ஊரார் அவற்றை விரட்டுவதில்லை. பறவைகள் மிரளும் என்று வெடி வெடிப்பதையும் தவிர்த்து வருகின்றனர். பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்த பெண்ணை யாராவது விரட்டுவார்களா?

தொண்ணூறு நாள் பயிர்

மஞ்சள் மூக்கு நாரையை நமக்குப் புரியும் கணக்கில் சொன்னால், அது தொண்ணூறு நாள் பயிர். முட்டை பொரிய சுமார் ஒரு மாதம். குஞ்சு பறக்க மேலும் ஏறத்தாழ இரண்டு மாதம். பங்குனித் தொடக்கத்தில் இட்ட முட்டை, சித்திரை முதல் வாரத்தில் பொரித்து, ஆனித் தொடக்கத்தில் பறக்கும். சித்திரையில் இட்ட முட்டையானால் ஆடியும் பிறந்து விடும். கூழைக்கடா இன்னும் நீண்ட வயதுள்ள பயிர். முட்டை பொரிக்க 30 முதல் 33 நாட்கள் ஆகும்; குஞ்சுகள் கூட்டிலும் அதன் அருகிலும் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கும்.

நெல்லில் பூக்கும் தருணத்தில் தண்ணீர் தவறினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதுவரை செய்த செலவெல்லாம் பதராகிப் போகும். நாரைக்கும் அதே கதைதான். குஞ்சு பெரிதாகப் பெரிதாக அதன் தீனி கூடுகிறது. தீனி அதிகம் தேவைப்படும் அந்தக் கடைசி வாரங்களில்தான் குளங்கள் வற்றுகின்றன. வெயிலில் தாய்ப் பறவை சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தருவதைக் கரையிலிருந்தே காணலாம். ஆனால் இரை கிடைக்காவிட்டால் நிழல் மட்டும் போதாது. முதலில் பொரித்த பெரிய குஞ்சு கிடைத்ததை விழுங்கிக்கொள்ளும். இளைய குஞ்சுகள் மெலிந்து சாகும்.

இரை எங்கிருந்து வருகிறது?

மஞ்சள் மூக்கு நாரை மீனைக் கண்ணால் தேடிப் பிடிப்பதைவிட அலகால் துழாவித்தான் பெரும்பாலும் பிடிக்கிறது. அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு, நடந்துகொண்டே துழாவும். மீன் பட்டதும் மூடும். ஆகவே அதற்கு வேண்டியது ஆழம் குறைந்த, நடந்து செல்லக்கூடிய தண்ணீர். ஆழமான தண்ணீரில் எவ்வளவு மீன் இருந்தாலும் அதற்குப் பயனில்லை.

நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரு குளத்து மீன் போதாது. எனவே பெற்ற பறவைகள் விடியும்போதே சுற்றுப்புறக் குளங்களுக்கும் வயல்களுக்கும் பறந்து போகின்றன. பறவை கூடு கட்டுவது கூந்தன்குளத்தில். சோறு தேடுவது உங்கள் ஊர்க் குளத்தில். சரணாலய எல்லையைக் காட்டும் பலகை பறவைக்குத் தெரியாது.

அந்த ஊர்க் குளங்களில் கோடை முடிவில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, மடை வழியே பாயாத அடிமட்டத் தண்ணீரையும் மோட்டார் வைத்து இறைத்து விடுகிறோம். இரண்டு, மீன் குத்தகை எடுத்தவர் மீனைச் சுலபமாக அள்ளுவதற்காகக் குட்டையை ஒட்ட வடித்து விடுகிறார்.

ஒரு விவசாயியின் கேள்வி

இந்த ஆண்டு சித்திரையில் அப்பகுதிச் சிற்றூர் ஒன்றில் குளத்துக் கரையில் பேசிக்கொண்டிருந்தோம். வயதில் மூத்த வாழை விவசாயி ஒருவர் எழுந்து கேட்டார்: “ஐயா, பறவை நமக்கு ராசிதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா ஆயிரம் வாழை தார் தள்ளி நிக்கு. குளத்துல தண்ணி கெடக்கும்போது வாழையைக் காய விட்டுட்டுப் பறவைக்கு வைக்கச் சொல்லுதீங்களா?”

நியாயமான கேள்வி. “அண்ணாச்சி, வாழையைக் காய விடச் சொல்ல மாட்டேன். கணக்குப் போட்டுப் பார்ப்போம்” என்றேன். தரையில் குச்சியால் எழுதிப் போட்ட கணக்கு இதுதான்.

ஓர் ஏக்கர் பரப்புள்ள குட்டையில் ஓர் அடித் தண்ணீர் என்பது சுமார் 12 லட்சம் லிட்டர். இதை வாய்க்காலில் இரண்டு அங்குலம் கட்டிப் பாய்ச்சினால், சேதாரம் நீக்காமல் பார்த்தாலும், ஆறு ஏக்கருக்கு ஒரே ஒரு தடவைதான் வரும். கோடையில் அது ஐந்தாறு நாள் தாங்கும். அவர் வைத்திருப்பது ஓர் ஏக்கர். அவருடைய ஒரு பாய்ச்சலுக்கு ஆகும் தண்ணீர் 2 லட்சம் லிட்டர். சொட்டு நீர்ப் பாசனத்தில் மரம் ஒன்றுக்கு நாளைக்கு 15 முதல் 20 லிட்டர் என்று வைத்தால், அதே 2 லட்சம் லிட்டர் ஆயிரம் வாழைக்குப் பத்து நாட்களுக்குக் குறையாமல் வரும். வெட்டிய வாழைச் சருகையே மரத்தடியில் மூடாக்காகப் போட்டால் ஈரம் இன்னும் நிற்கும். ஆக, மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் குட்டையின் அடிமட்டம் அல்ல, நம் வாய்க்கால்தான்.

இன்னொன்றையும் சொன்னேன். குட்டையில் நிற்கும் தண்ணீர் சும்மா நிற்பதில்லை. அதன் ஊறல்தான் பக்கத்துக் கிணறுகளுக்குப் போகிறது. மாடு ஆடு குடிக்கிறது. விரால், கெளுத்தி போன்ற நாட்டு மீன்கள் அந்தக் குட்டையில் உயிரோடு இருந்தால்தான், ஐப்பசி மழையில் குளம் நிரம்பும்போது விதை மீனாக நின்று பெருகும்.

எவ்வளவு விட்டு வைப்பது?

கோடையில் நாளொன்றுக்குச் சுமார் 7 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகப் போகிறது என்று கொள்ளலாம். சித்திரைப் பிறப்பிலிருந்து ஆனி நடு வரை 75 நாட்களில் இது அரை மீட்டரைத் தாண்டும். ஊறலும் சேரும். ஆகவே சித்திரை முதல் தேதியன்று குளத்தின் ஆழமான மூலையில் மூன்று அடித் தண்ணீர் இருந்து, அதன்பின் அதில் மோட்டார் வைக்காமல் விட்டால், ஆனி நடுவில் ஏறத்தாழ ஓர் அடி மிஞ்சும். நாரைக்கு வேண்டியது அந்த ஆழம் குறைந்த தண்ணீர்தான். மண்ணின் தன்மைக்கு ஏற்ப இது சற்றுக் கூடும், குறையும்.

குளம் தூர்வாரும்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இயந்திரத்தால் செங்குத்தாக வெட்டிய பத்தடிப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். நாரை நிற்க முடியாது. ஒரு பக்கமாவது சரிவாக வெட்டி, படிப்படியாக ஆழமாகும்படி அமைக்க வேண்டும். கால்நடைகள் இறங்கிக் குடிக்கவும் அதுவே வசதி.

பறவையால் நமக்கு என்ன வரவு?

பறவை எச்சத்தில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து மூன்றும் உண்டு. கூடுகளுக்கு அடியில் விழும் எச்சம் குளத்துத் தண்ணீரிலும் வண்டலிலும் கலந்து மடை வழியே வயலுக்கு வருகிறது. வேடந்தாங்கல் விவசாயிகள் இந்த லாபத்தை அறிந்தே பல தலைமுறைகளாகப் பறவைகளைக் காத்து வந்துள்ளனர்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. சத்துள்ள இந்தத் தண்ணீர் பாயும் பிசான நெல்லுக்கு வழக்கம்போல் யூரியாவையும் அள்ளிப் போட்டால், பயிர் கரும்பச்சையாகக் கொழுத்து, இலைச்சுருட்டுப் புழுவையும் குலைநோயையும் வரவழைக்கும், கடைசியில் சாயும். எனவே இலை வண்ண அட்டையைப் பயன்படுத்த வேண்டும். நட்ட 14-ஆம் நாள் முதல் கதிர் வெளிவரும் வரை, வாரம் ஒரு முறை பத்துச் செடிகளில் பார்க்க வேண்டும். வெள்ளைப் பொன்னி போன்ற ரகங்களுக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற அளவுக்குக் கீழே ஆறு செடிகளாவது இருந்தால் மட்டுமே மேலுரம் இட வேண்டும். இல்லையேல் யூரியா மிச்சம்.

உழும்போது ஏருக்குப் பின்னால் வரும் கொக்குகளும் அரிவாள் மூக்கனும் புழுக்களையும் வெட்டுக்கிளிகளையும் பொறுக்குகின்றன. நத்தைகுத்தி நாரை வயல் நத்தைகளைத் தின்கிறது. இளம் நடவில் பெரிய பறவைகள் நடந்து சில குத்துக்களை மிதிப்பதும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. அந்த இடங்களில் ஒரு வாரத்துக்குள் பாடு நடவு செய்து சரிக்கட்டி விடலாம்.

மருந்தில் கவனம்

போரேட் குருணை மருந்துக்கு நம் நாட்டில் 2020 டிசம்பர் 31 முதல் தடை அமலில் உள்ளது. பழைய இருப்பு யாரிடமாவது இருந்தால் அதைத் தொடாமல், வேளாண் அலுவலரிடம் தெரிவிக்க வேண்டும். வயலில் விஷம் உண்ட பூச்சியையும் மீனையும் பறவை விழுங்கினால், அந்த விஷம் குஞ்சின் வாய்க்குப் போகிறது. மருந்து தெளித்த கருவியைக் குளத்தில் கழுவுவது அறவே கூடாது.

கோடை முடிவில் நினைவில் கொள்ள வேண்டியவை

1. சித்திரை முதல் ஆனி முடிய, குளத்தின் ஆழமான மூலையில் மோட்டார் வைக்க வேண்டாம். ஆயக்கட்டுதாரர்கள் கூடி முன்கூட்டியே முடிவு செய்வது நல்லது.

2. மீன் குத்தகை பேசும்போதே, குட்டையை வடிக்காமல் வலை வீசித்தான் பிடிக்க வேண்டும் என்று நிபந்தனை எழுதிக்கொள்ள வேண்டும்.

3. கூடுள்ள மரம் எதுவானாலும், அது சீமைக் கருவேலமாகவே இருந்தாலும், குஞ்சுகள் பறந்து போகும் வரை வெட்டக் கூடாது.

4. ஆனிக் காற்றில் கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை வீட்டுக்கு எடுத்துச் செல்லாமல், நாய்கள் அண்டாதபடி காவல் இருந்து, வனத்துறையினருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

5. பறவைகள் ஒரே இடத்தில் பலவாக இறந்து கிடந்தால் வெறும் கையால் தொடக் கூடாது. கோழி, வாத்துகளை அங்கே விடக் கூடாது. கால்நடை மருத்துவருக்கு உடனே தகவல் தர வேண்டும்.

6. சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதியின்றி ஒரு கூடை வண்டலும் எடுக்கக் கூடாது. வெளியிலிருந்து கிடைக்கும் பறவை எச்சத்தையும் பச்சையாக நாற்றுக்கு இடாமல், தொழு உரத்தோடு மட்கவைத்தே இட வேண்டும்.

அந்தக் குட்டை என்ன ஆயிற்று?

அந்தக் குளத்தில் மோட்டார் வைத்திருந்தவர்கள் மூன்று பேர். கேள்வி கேட்ட பெரியவரும் இன்னொருவரும் சித்திரையிலேயே நிறுத்திக்கொண்டு, கிணற்றுத் தண்ணீரைச் சொட்டு நீரில் விட்டனர். மூன்றாமவருக்குக் கிணறு இல்லை. அவரால் நிறுத்த முடியவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனி முதல் வாரத்தில் மறுபடியும் போனேன். குட்டையில் முழங்காலுக்குக் கீழ்தான் தண்ணீர். அதில் பதினேழு மஞ்சள் மூக்கு நாரைகள் துழாவிக்கொண்டிருந்தன. நான்கு, இந்த ஆண்டுப் பறவைகள். இன்னும் சிவப்பு ஏறாத, அழுக்கு வெள்ளைச் சிறகுகள். பெரியவர் கரையில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். “இன்னும் பத்து நாள் தாங்குமா ஐயா?” என்று கேட்டார். வாழையைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தது குட்டையை.

மூவரும் நிறுத்தியிருந்தால் தாங்கியிருக்கும். கிணறு இல்லாதவருக்கும் சேர்த்து ஒரு கிணற்றுத் தண்ணீரைப் பங்கிட முடியுமா என்று ஆயக்கட்டுக் கூட்டத்தில் இப்போதே பேசி வைத்தால், அடுத்த சித்திரைக்கு நேரம் இருக்கிறது.