கேஸ் லீக்கா, ட்ரஃபிள் ஃப்ரைஸா?

பாப்பா, அடுத்த மாசம் சிங்கப்பூர் வர்றப்ப எங்கெங்கே போகலாம்னு லிஸ்ட் கேட்டிருந்தே. மெர்லயனுக்கு அரை மணி நேரம் போதும். ஒரு மத்தியானத்தை மட்டும் டெம்ப்சி ஹில்லுக்குன்னு ஒதுக்கி வெச்சுடு. ஒரு காலத்துல பிரிட்டிஷ் ராணுவ முகாமா இருந்த இடம், இப்ப பூரா சாப்பாட்டுக் கடைங்க. அங்கே ஹார்டிங் ரோட்டுல மரத்துக்கு நடுவுல இருக்கு பி.எஸ். கஃபே. என்ன சாப்பிடறதுன்னு மெனு கார்டைப் புரட்ட வேண்டாம். முதல்ல ட்ரஃபிள் ஷூஸ்ட்ரிங் ஃப்ரைஸ். மத்ததை அது தீர்ந்ததும் யோசிக்கலாம்.

ஷூ லேஸ் மாதிரி ஒல்லி ஒல்லியா உருளைக்கிழங்குக் குச்சி, தட்டுல குவிச்சு வெச்சிருப்பாங்க. மேல பார்மசான் சீஸ், பார்ஸ்லித் தழை. தட்டு வர்றதுக்கு முன்னாடியே வாசனை வந்துடும். முதல் தடவை போனப்ப உங்க அத்தான் மூக்கைச் சுளிச்சுக்கிட்டு, "எங்கேயோ கேஸ் லீக்காகுது"ன்னார். அஞ்சே நிமிஷம். தட்டை யார் பக்கம் இழுத்து வெச்சிருந்தார்ங்கறே?

அவர் சொன்னதும் முழுசாத் தப்பில்ல. சமையல் கேஸுக்குத் தனியா வாசனை கிடையாது. லீக்கானா தெரியணும்னு அதுல கந்தகம் கலந்த பொருள் ஒண்ணைச் சேர்க்கறாங்க. ட்ரஃபிள் வாசனையும் கந்தக வகைதான். ட்ரஃபிள்ங்கறது மண்ணுக்கடியில, ஓக் மாதிரி மரங்களோட வேரை ஒட்டி வளர்ற காளான். வெளியே தலைகாட்டாததால காத்துல வித்தைப் பரப்ப முடியாது. அதனால வாசனை விட்டு மிருகங்களைக் கூப்பிடுது. அதுங்க தோண்டித் தின்னு பரப்பணும். முன்னாடி பன்னியைக் கூட்டிட்டுப் போய்த் தேடினாங்க. கண்டுபிடிச்சதைப் பன்னியே தின்னுடும்ங்கறதால இப்ப பெரும்பாலும் நாய்தான். இத்தாலியில ஆல்பா பக்கத்து வெள்ளை ட்ரஃபிள், பிரான்ஸ்ல பெரிகோர் கறுப்பு ட்ரஃபிள், ரெண்டும் நாம வாங்கற விலையில இருக்காது.

அப்போ ஒரு தட்டு ஃப்ரைஸுக்கு எப்படிக் கட்டுப்படியாகும்? பொதுவா ட்ரஃபிள் ஃப்ரைஸுக்கு வாசனை தர்றது ட்ரஃபிள் எண்ணெய். கடையில விக்கற ட்ரஃபிள் எண்ணெய்ல பெரும்பாலானது, சாதாரண எண்ணெய்ல 2,4-டைதியாபென்டேன்ங்கற பொருளைக் கலந்தது. வெள்ளை ட்ரஃபிள்ல இயற்கையாவே இருக்கற அதே பொருள், ஆனா லேப்ல செஞ்சது. பாட்டிலுக்குள்ள கறுப்பா துண்டு மிதந்தாலும் மயங்காதே, லேபிளைத் திருப்பிப் பாரு, 'அரோமா'ன்னோ 'ஃப்ளேவரிங்'னோ இருக்கும்.

இதை ஏமாத்து வேலைன்னு திட்டறவங்க உண்டு. நான் அந்தக் கட்சி இல்ல. போன வருஷம் அம்மா வந்தப்ப ஒரு குச்சியை எடுத்து மென்னுட்டு, "வறுவல் நல்லாருக்கு, பெருங்காயம்தான் ஒரு கை கூடிப்போச்சு"ன்னாங்க. சிரிச்சேன், அப்புறம்தான் உறைச்சது. பெருங்காய நாத்தத்துக்கும் கந்தகம்தான் காரணம். டப்பாவைத் திறந்தா முகத்தைத் திருப்பிக்கறோம், சூடான எண்ணெய்ல விழுந்ததும் பசிக்குது. அதுவும் நாம வாங்கற கூட்டுப் பெருங்காயம் மாவும் கோந்தும் சேர்த்ததுதானே! அதுக்காக யாராவது சாம்பாரைக் கீழே கொட்டறோமா?

ஆனா வாசனை மட்டும் இருந்தா ரெண்டு குச்சியோட கை நின்னுடும். நிக்க விடாதது மத்த மூணும்: மாவு, எண்ணெய், உப்பு. அது மேல பார்மசான். 100 கிராம் பார்மசான்ல ஒரு கிராமுக்கு மேல குளூட்டமேட் இருக்கு. அஜினோமோட்டோவுல இருக்கற அதே சுவை, பால்லேர்ந்து தானா வந்தது. குச்சி ஒல்லியா இருக்கறதால உள்ளே இருக்கற மாவை விட வெளியே இருக்கற மொறுமொறுப்பு ஜாஸ்தி. இன்னொண்ணும் கவனிச்சுப் பாரு. கொஞ்ச நேரத்துல மூக்குக்கு அந்த வாசனை பழகி மங்கிடும். தண்ணி குடிச்சு, ஊர்க்கதை பேசிட்டுத் திரும்பினா மறுபடி புதுசா அடிக்கும். 'போதும்'னு கை துடைச்சவங்க திரும்ப எடுக்கறது அதனாலதான்.

சாப்பிடறப்ப ரெண்டு மூணு விஷயம். நாலு பேருக்கு ஒரு தட்டு சொல்லு, தீர்ந்தா இன்னொண்ணு சொல்லிக்கலாம். ஆறின குவியல் யாருக்கும் ஆகாது. கெட்சப் பக்கம் போகாதே, அந்தப் புளிப்பும் இனிப்பும் வாசனையை அமுக்கிடும். உன் மாமியார் சுத்த சைவம்னா முன்கூட்டியே கேட்டுடு: அசல் பார்மசானுக்குப் பாலை உறைய வைக்கக் கன்னுக்குட்டி வயித்துலேர்ந்து எடுக்கற ரென்னெட் சேர்ப்பாங்க. சீஸ் போடாம தரச் சொல்லலாம். சில ஊர்க் கடைகள்ல மாட்டுக் கொழுப்புல பொரிக்கறதும் உண்டு, அதையும் சேர்த்துக் கேளு. பார்சல் வேண்டவே வேண்டாம். ஒரு மழை நாள்ல சோம்பல்பட்டு வேற ஒரு கடையில ஆர்டர் பண்ணேன். டப்பா மூடிக்குள்ள வேர்த்து விறுவிறுத்து, அவிச்ச சேமியா மாதிரி வந்து சேர்ந்தது. காசு போனது கூடப் பரவாயில்ல, பாப்பா, வாசனை மட்டும் அப்படியே இருந்தது. அதுதான் கொடுமை.

வீட்டுல பண்ணணும்னா கிழங்குலதான் பாதி இருக்கு. தோல் உரியற புதுக் கிழங்கு குழம்புக்கு; இதுக்குத் தண்ணி கம்மியான, மாவு ஜாஸ்தியான முத்தின கிழங்கு வேணும். ஃப்ரிட்ஜ்ல வெச்ச கிழங்கை எடுக்காதே. குளிர்ல மாவு சர்க்கரையா மாறி, எண்ணெய்ல போட்டதும் வெளியே கறுத்துக் கசக்கும். கடை அளவுக்கு ஒல்லியா கத்தியில வராது, அரை சென்டிமீட்டர் கனம் போதும். ரெண்டு மூணு தண்ணியில அலசி, ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு டேபிள்ஸ்பூன் வினிகரும் கொஞ்சம் உப்பும் போட்டு பத்து நிமிஷம் வேக விடு. வினிகர் இருந்தா கிழங்கு வெந்தும் உடையாது. வடிச்சு, வேட்டித் துணியில பரப்பி வை, ஈரம் சுத்தமாப் போகணும். இந்த இடத்துல அவசரப்பட்டா எண்ணெய் உன் கையிலதான் தெறிக்கும்.

முதல் பொரிப்பு 160 டிகிரியில, நிறம் மாறாம நாலு நிமிஷம். எடுத்து அரை மணி நேரம் ஆற விடு. அப்புறம் 190ல ரெண்டு மூணு நிமிஷம், கரண்டியால கிளறினா கலகலன்னு சத்தம் கேக்கணும். எண்ணெயை வடிச்சு அகலமான பாத்திரத்துல கொட்டினதும் உடனே உப்பு. ஆறினா உப்பு ஒட்டாது. கடைசியா ட்ரஃபிள் எண்ணெய், அரைக் கிலோவுக்கு ஒரு டீஸ்பூன், குலுக்கி சீஸ் தூவு. அடுப்பு மேல மட்டும் ட்ரஃபிள் எண்ணெயைக் காட்டிடாதே, வாசனை ஆவியாப் பறந்துடும். நான் முதல் தடவை ஆசையில ரெண்டு டேபிள்ஸ்பூன் ஊத்திட்டேன். மூணு நாள் வீடு பூரா அதே நாத்தம், தலகாணி உறை வரைக்கும்.

அந்த பாட்டில் இன்னும் பாதி இருக்கு, ஆனா வாசனை செத்துப் போச்சு. வாங்கினா சின்ன பாட்டிலா வாங்கி, வெளிச்சம் படாம வெச்சு, சில மாசத்துல தீர்த்துடணும். நீ வந்ததும் புதுசா வாங்கிக்கலாம்.

வர்றப்ப அம்மாகிட்ட சொல்லி எனக்குக் கட்டிப் பெருங்காயம் ஒண்ணு எடுத்துட்டு வா. நல்லா மூணு கவர் போட்டுக் கட்டு, இல்லேன்னா பெட்டியில இருக்கற உன் பட்டுப்புடவைக்கு நான் பொறுப்பில்ல.