பச்சைத் தேங்காய்: ஒரு மூடியா, ஒரு பத்தையா?

காலைச் சிற்றுண்டிக்குப் பதிலாக ஒரு மூடி பச்சைத் தேங்காயும் இரண்டு வாழைப்பழமும் சாப்பிடும் வழக்கம் பல வீடுகளில் பரவியிருக்கிறது. அதற்குச் சொல்லப்படும் காரணம், ‘தேங்காயைப் பச்சையாகத் தின்றால் அமுதம், அடுப்பில் ஏற்றினால்தான் கொலஸ்ட்ரால்’ என்பது. இன்னொரு பக்கம், இதய நோய்க்குப் பயந்து சட்னிக்குக்கூடத் தேங்காய் வாங்காதவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே தேவையற்ற எல்லைகள். தேங்காய் நல்ல உணவுதான். ஆனால் அதன் நன்மை, பச்சையா வெந்ததா என்பதைவிட, எவ்வளவு என்பதில் இருக்கிறது.

கொலஸ்ட்ரால் விலங்குகளின் உடலில் உருவாகும் பொருள். முட்டை, பால், இறைச்சியில் உண்டு. தேங்காயில், எப்படிச் சாப்பிட்டாலும், பொருட்படுத்தும் அளவில் இல்லை. இதைக் கேட்டதும் சிலர் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். தேங்காயின் கொழுப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு (குளிர்காலத்தில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோவது இதனால்தான்). இந்த வகைக் கொழுப்பு உணவில் கூடும்போது, எல்டிஎல்லை (ரத்தக் குழாய்ச் சுவரில் படியக்கூடிய கெட்ட கொழுப்பு) ரத்தத்திலிருந்து அகற்றும் கல்லீரலின் வேகம் குறைகிறது. கொலஸ்ட்ரால் இல்லாத உணவும் ரத்தத்தில் கொலஸ்ட்ராலை ஏற்றும் என்பது இப்படித்தான். அடுப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. சூட்டை அதிகம் தாங்கும் கொழுப்பே நிறைவுற்ற வகைதான். கூட்டில் ஒரு கொதி விட்டதால் அதன் குணம் மாறிவிடாது.

உண்மையில் மாற்றம் நிகழ்வது பாலாகப் பிழியும்போது. நூறு கிராம் புதிய தேங்காய்ப் பருப்பில் சுமார் 350 கலோரி, 33 கிராம் கொழுப்பு, 9 கிராம் நார்ச்சத்து, 3 கிராம் புரதம் இருக்கின்றன. மாங்கனீசும் தாமிரமும் கணிசமாக உண்டு. பிழிந்து சக்கையை எறியும்போது, நார்ச்சத்தை எறிந்துவிட்டுக் கொழுப்பை மட்டும் தம்ளரில் பிடித்துக்கொள்கிறோம். துருவலாகவோ பத்தையாகவோ மென்று தின்பவருக்கு நார் முழுதாகக் கிடைக்கிறது. அது மலச்சிக்கலைத் தணிக்கிறது, வயிறு நிறைந்த உணர்வைத் தருகிறது, கூடவே சாப்பிடும் இட்லியின் சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகத்தையும் சற்று மட்டுப்படுத்துகிறது. மாவுச்சத்து மிகக் குறைவு என்பதால் நீரிழிவு உள்ளவர்களும் அளவோடு சாப்பிடலாம்.

லாரிக் அமிலம் (தேங்காய்க் கொழுப்பில் ஏறத்தாழ பாதி இதுதான்) பற்றிப் பெரிதாகப் பேசுகிறார்கள். கிருமிகளைக் கொல்லும், உடலில் தங்காமல் நேராக எரிந்துவிடும் என்கிறார்கள். கிருமியைக் கொன்றது சோதனைக் குழாயில். எரிந்துவிடும் என்ற பேச்சு, இதைவிடச் சிறிய கொழுப்பு அமிலங்களைக் கொண்டு செய்த ஆய்வுகளிலிருந்து இரவல் வாங்கியது. லாரிக் அமிலத்தின் பெரும்பகுதி மற்றக் கொழுப்புகள் போகும் வழியிலேயே போகிறது. 16 ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான பகுப்பாய்வு ஒன்றில், தேங்காய் எண்ணெய் பயன்படுத்தியவர்களுக்கு மற்றத் தாவர எண்ணெய்களைப் பயன்படுத்தியவர்களைவிட எல்டிஎல் டெசிலிட்டருக்கு சுமார் 10 மில்லிகிராம் கூடுதலாக இருந்தது. அது எண்ணெயைப் பற்றிய கணக்கு, நாருடன் கூடிய பருப்பைப் பற்றியது அல்ல. அந்த வேறுபாட்டையும் நினைவில் வைக்க வேண்டும்.

பசிபிக் தீவுக்காரர்கள் தேங்காயே தின்று நலமாக வாழவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. டோக்கெலாவ் தீவினர் உணவு ஆற்றலில் பாதிக்கு மேல் தேங்காயிலிருந்து பெற்றார்கள், இதய நோய் அங்கே அரிது என்று 1981-இல் ஓர் ஆய்வு வெளியானது. உண்மைதான். தேங்காய் குறைவாகத் தின்ற புகாபுகா தீவினரைவிட அவர்களுக்கு ரத்தக் கொலஸ்ட்ரால் அதிகம் என்று சொன்னதும் அதே ஆய்வுதான். தேங்காயோடு மீன் தின்று, சர்க்கரை அதிகம் சேர்க்காமல், உடல் உழைத்து வாழ்ந்தவர்கள் அவர்கள். நம் தேங்காய், மைதா பரோட்டாவுக்கும் நாற்காலி வேலைக்கும் நடுவே வந்து சேர்கிறது.

இனி அளவு. நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படுபவர் நிறைவுற்ற கொழுப்பை சுமார் 22 கிராமுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நடுத்தரத் தேங்காயின் ஒரு மூடியில் 120 கிராம் பருப்பு இருந்தால், அதிலேயே 35 கிராம் வந்துவிடும். பாலும் நெய்யும் இனிமேல்தான். தீப்பெட்டி அளவுள்ள ஒரு பத்தை (20 முதல் 25 கிராம்) என்றால் 80 கலோரி, 7 கிராம் அளவில் முடிந்துவிடும். ஆரோக்கியமாக இருக்கும் பெரியவருக்கு ஒரு பத்தை, அல்லது பொரியலுக்கும் சட்னிக்குமாகச் சேர்த்து நான்கைந்து மேசைக்கரண்டி துருவல் போதும். தேங்காய் கூடும் நாளில் எண்ணெயைக் குறையுங்கள். ஏற்கெனவே சாப்பிடுவதோடு கூடுதலாகச் சேர்த்தால் இடுப்பு அளவுதான் கூடும். சட்னியில் பாதித் தேங்காய், பாதிப் பொட்டுக்கடலை என்று அரைக்கலாம். சுண்டலில் தூவிச் சாப்பிடுவது இன்னும் நல்லது. தேங்காயில் குறைவாக உள்ள புரதத்தைப் பயறு ஈடுகட்டும்.

அளவு மீறுவதை உடல் சொல்லும். உப்புசம், இளக்கமான மலம், நெஞ்சு கரித்தல் ஆகியவை முதல் அறிகுறிகள். சாப்பிட்ட சில மணி நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே வலி வந்தால் பித்தப்பைக் கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்டிஎல் மட்டும் அறிகுறியே காட்டாது. தினமும் தேங்காய் சாப்பிடத் தொடங்கியவர்கள் மூன்று மாதம் கழித்து ரத்தக் கொழுப்புப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஒரே அளவு சாப்பிடும் இருவருக்கு ஒரே விளைவு வருவதில்லை. சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் (இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடிய உப்பு) கவலைக்குரியது. அவர்கள் தேங்காயையும், அதைவிட முக்கியமாக இளநீரையும், மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பத்தையாகக் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் அடைக்கும். துருவிக் கொடுங்கள்.

தேங்காயால் உடனடியாக நோய் வருவது பெரும்பாலும் அது கெட்டுப்போயிருந்தால்தான். உடைத்த மூடியை அடுப்படியில் கவிழ்த்து வைத்து மறுநாள் துருவுவது நம் வழக்கம். கோடையில் அது ஆபத்து. பருப்பில் மஞ்சள் நிறமோ இளஞ்சிவப்பு, கறுப்புப் புள்ளியோ பிசுபிசுப்போ சோப்பு வாடையோ இருந்தால் எறிந்துவிடுங்கள். கெட்ட பகுதியைச் சீவிவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்த வேண்டாம். காலையில் அரைத்த சட்னியைத் தாளித்துக் கொட்டியதால் அது பாதுகாப்பாகிவிடாது. இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குப் போக வேண்டும். மூடிகளை இரண்டு, மூன்று நாள் அதில் வைக்கலாம். துருவி உறைநிலைப் பெட்டியில் வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும். டென்மார்க்கில் ஒருவர், மட்டை சீவிய இளநீரை ஒரு மாதம் குளிரூட்டாமல் வைத்திருந்து குடித்து, பூஞ்சை நஞ்சால் இறந்தது 2021-இல் மருத்துவ இதழில் பதிவாயிற்று. மிக அரிதான நிகழ்வு அது, பயப்பட வேண்டியதில்லை. ஆனால் நீர் துர்நாற்றம் அடித்தால் வாயில் வைக்காமல் கொட்டிவிடுங்கள். சிறிதளவு விழுங்கியிருந்தாலும் துப்பியதே போதும் என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

வயிற்றுப்புண்ணுக்குத் தேங்காய்ப் பால், குழந்தையின் வயிற்றுப் பூச்சிக்குத் துருவலும் விளக்கெண்ணெயும், புற்றுநோய்க்குத் தேங்காய்ப்பூ என்று குறுக்குவழிகள் நிறைய. தேங்காய்ப் பால் எரிச்சலைச் சற்று நேரம் ஆற்றலாம். ஆனால் குடல்புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஒரு பாக்டீரியாவோ வலி மாத்திரையோதான், இரண்டுக்கும் சிகிச்சை இருக்கிறது. பூச்சிக்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் இலவசமாகவே அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். வண்டியில் விற்கும் தேங்காய்ப்பூ எந்தப் புற்றுநோயையும் குணமாக்கியதாகச் சான்று இல்லை. வாய்ப்புண்ணுக்குத் தேங்காய் மென்றுகொண்டே மூன்று வாரம் கடத்திவிட்டீர்கள் என்றால், அதிலும் வெற்றிலை, புகையிலைப் பழக்கம் உள்ளவர் என்றால், இன்றே பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள், இயற்கை உணவுக்கு மாறிவிட்டோம் என்று அதைத் தாமாக நிறுத்தக்கூடாது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, காலையில் எத்தனை பத்தை சாப்பிடுகிறீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள்.