ரசீது அப்பா பெயரில், பாக்கி யார் தலையில்?

கேள்வி:

திருப்பூர் 15 வேலம்பாளையம் பகுதியில் சென்ற ஆண்டு ஒரு கட்டடத்தைக் கிரயம் வாங்கினேன். கீழ்த்தளம் 900 சதுர அடி. அதில் ஓவர்லாக், பேட்லாக் மெஷின்கள் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறேன். மாடியில் இரண்டு வீடுகள். பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் இரண்டு குடும்பங்கள் வாடகைக்கு இருக்கின்றன. வாங்கும் முன் 30 வருடத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தோம். எந்த வில்லங்கமும் இல்லை. விற்றவர் ஒரு பழைய வரி ரசீதைக் கொடுத்தார். அது காலமாகிவிட்ட அவருடைய அப்பா பெயரில் இருந்தது. "அப்பா பேர்லயே கட்டீட்டு வர்றோமுங்க, நீங்க அப்புறம் மாத்திக்கலாம்" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

இப்போது அதே அப்பா பெயருக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. பல அரையாண்டுகளுக்குப் பாக்கி, அதற்கு வட்டி, போதாததற்கு முழுக் கட்டடத்தையும் தொழில் பயன்பாடு என்று போட்டிருக்கிறார்கள். நான் வாங்குவதற்கு முந்தைய பாக்கியை நான் கட்ட வேண்டுமா? ரசீது என் பெயரில் இல்லாததால் கட்டடத்தின் மீதான என் உரிமை பாதிக்குமா? மாடி வீடுகளுக்கும் தொழில் கணக்கில் வரி போடலாமா? பழைய விவரங்களை எங்கே எடுப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்:

பாக்கி, தொழில் கணக்கு ஆகிய இரண்டு கவலைகளுக்கும் விடை வரிப் பதிவேட்டில்தான் இருக்கிறது. எனவே கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

பதிவேட்டை எங்கே தேடுவது?

15 வேலம்பாளையம் தனி நகராட்சியாக இருந்த ஊர். 2011-ல் அதுவும் நல்லூர் நகராட்சியும், வீரபாண்டி, நெருப்பெரிச்சல், முத்தணம்பாளையம் போன்ற ஊராட்சிகளும் திருப்பூர் மாநகராட்சியுடன் இணைந்தன. அதனால் உங்கள் கட்டடத்துக்குப் பழைய நகராட்சிக் காலத்து வரி விதிப்பு எண் ஒன்றும், மாநகராட்சியில் சேர்ந்தபின் வந்த எண் ஒன்றும் இருக்க வாய்ப்பு உண்டு. வார்டு எண்ணும் கதவு எண்ணும்கூட மாறியிருக்கலாம். விற்றவர் கொடுத்த ரசீதில் உள்ள எண்ணையும் நோட்டீஸில் உள்ள எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால், பழைய எண்ணில் கட்டிய பணம் புதிய எண்ணின் கணக்கில் வரவு வைக்கப்பட்டதா என்பதுதான் நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. வரவு ஏறாமல் நிற்கும் தொகை பாக்கி போலவே காட்டும்.

தமிழக நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான இணைய வரித் தளத்தில் வரி விதிப்பு எண்ணைக் கொடுத்தால் உரிமையாளர் பெயரும் நிலுவையும் தெரியும். அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள். அது இன்றைய நிலையை மட்டும் காட்டுவது. எந்த அரையாண்டு எவ்வளவு கேட்கப்பட்டது, எவ்வளவு வசூலானது, எவ்வளவு நிற்கிறது என்ற முழு வரலாறு, அலுவலகத்தில் உள்ள கேட்பு, வசூல், நிலுவைப் பதிவேட்டில் இருக்கும். உங்கள் பகுதியின் மண்டல அலுவலகத்தில் அதன் நகலையும், கட்டடத்தை அளந்து வரி நிர்ணயித்த விவரத்தின் நகலையும் எழுத்து மூலம் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் வாய்மொழியாகவே பதில் வரும். அது வழக்குக்கு உதவாது. நகல் கிடைக்கத் தாமதமானால் 2005-ம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் 6-ம் பிரிவின் கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் மனுச் செய்யுங்கள். கிரயப் பத்திர நகலை இணைத்து, நீங்களே இப்போதைய உரிமையாளர் என்று காட்டுங்கள். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு சொல். மாநகராட்சி எல்லையைத் தாண்டி மங்கலம், பெருமாநல்லூர் போன்ற ஊராட்சிகளில் இடம் வாங்கினால் பதிவேடு ஊராட்சி அலுவலகத்தில் இருக்கும். அங்கே 1994-ம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி வீட்டு வரி; இணையத்தில் பார்க்கவும் ஊராட்சிகளுக்கெனத் தனித் தளம் உண்டு. பேரூராட்சியாக இருந்து நகராட்சியான திருமுருகன்பூண்டி போன்ற ஊர்களில், உங்களைப் போலவே பழைய எண்ணையும் புதிய எண்ணையும் சரிபார்த்தாக வேண்டும்.

பெயர் மாறாததால் உரிமை போகுமா?

போகாது. வரி ரசீது உரிமை ஆவணம் அல்ல. வருவாய்ப் பதிவேட்டில் செய்யப்படும் பெயர் மாற்றம் உரிமையை உண்டாக்குவதும் இல்லை, அழிப்பதும் இல்லை என்று 1996-ல் சவர்ணி எதிர் இந்தர் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007-ல் சூரஜ் பான் வழக்கிலும், 2021-ல் ஜிதேந்திர சிங் வழக்கிலும் அதையே உறுதிசெய்தது. யாரிடம் வரி கேட்பது என்பதற்காக வைக்கப்படும் பதிவேட்டுக்கும் இதே தர்க்கம்தான். உங்கள் உரிமை உங்கள் கிரயப் பத்திரத்திலும், அதற்குப் பின்னால் உள்ள மூலப் பத்திரங்களிலும் இருக்கிறது.

ஆனால் அந்த ரசீது உங்களிடம் ஒன்றைச் சொன்னது. அதை நீங்கள் கேட்கவில்லை. அப்பா காலமாகி இருக்கிறார், பெயர் மாறவில்லை. அப்படியானால் சொத்து மகனுக்கு எப்படி வந்தது? அப்பா உயிரோடு இருந்தபோது தானமோ செட்டில்மென்ட்டோ எழுதிக் கொடுத்தாரா? உயில் எழுதினாரா? எதுவும் எழுதாமல் இறந்திருந்தால், அவருடைய சுயார்ஜித சொத்தில் 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகளுக்கும், தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும், மகனுக்கு உள்ள அதே பங்கு உண்டு. பூர்வீகச் சொத்திலோ, தமிழ்நாட்டில் 1989-ம் ஆண்டுத் திருத்தத்தாலும் நாடு முழுவதும் 2005-ம் ஆண்டுத் திருத்தத்தாலும் மகள்களுக்குப் பங்குரிமை வந்துவிட்டது. கட்டிக்கொடுத்த சகோதரி கையெழுத்துப் போடாமல் மகன் மட்டும் விற்றிருந்தால், அவருடைய பங்கு உங்களுக்கு வந்து சேரவில்லை. வில்லங்கச் சான்றில் இதன் அறிகுறியே தெரியாது.

ஆகவே இன்றே உங்கள் பத்திரத்தை எடுத்து, விற்றவருக்குச் சொத்து வந்த வழி என்று எழுதியிருக்கும் பகுதியைப் படியுங்கள். அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டையும் வாங்கிப் பாருங்கள். வாரிசுப் பட்டியலில் உள்ள யாருடைய கையெழுத்தாவது விடுபட்டிருந்தால், உறவு சுமுகமாக இருக்கும்போதே அவரிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிப் பதிவுசெய்யுங்கள். உங்கள் கடிதத்திலேயே எனக்கு அதிகக் கவலை தருவது வரிப் பாக்கி அல்ல, இதுதான்.

பழைய பாக்கி யாருடையது?

சட்டம் இதை இரண்டு பக்கமாகப் பார்க்கிறது: உங்களுக்கும் விற்றவருக்கும் இடையே ஒன்று, உங்களுக்கும் உள்ளாட்சிக்கும் இடையே இன்னொன்று.

விற்றவர் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம். 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் 55(1)(ஜி) பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாதவரை, விற்பனைத் தேதி வரையிலான அரசு வரிகளைச் செலுத்த வேண்டியவர் விற்பவர். "வரி பாக்கி ஏதும் இருந்தால் நானே செலுத்துகிறேன்" என்ற வாசகம் பெரும்பாலான கிரயப் பத்திரங்களில் இருக்கும். உங்களுடையதிலும் இருக்கிறதா பாருங்கள். அவர் கட்ட வேண்டிய பணத்தை, உங்கள் சொத்தைக் காப்பாற்றிக்கொள்ள நீங்கள் கட்டினால், 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 69-ம் பிரிவின்படி அதை அவரிடமிருந்து திரும்பப் பெறலாம். கட்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்கு போட வேண்டும்.

உள்ளாட்சி விஷயத்தில் நிலைமை அவ்வளவு சாதகமாக இல்லை. சொத்து வரி அந்தக் கட்டடத்தின் மீதே பொறுப்பாக ஏறும் வரி. அது எந்தப் பத்திரத்தாலும் உண்டாவது அல்ல, சட்டத்தாலேயே உண்டாவது. பதிவு அலுவலகத்தில் பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும் வில்லங்கச் சான்றில் அது வராததற்குக் காரணம் இதுதான். 30 வருடத்துக்குப் போட்டாலும் வராது.

இங்கே வாங்குபவருக்கு ஆறுதலாக ஒரு தீர்ப்பு உண்டு. 1971-ல் அகமதாபாத் மாநகராட்சி எதிர் ஹாஜி அப்துல் கபூர் வழக்கில், ஏலத்தில் சொத்து வாங்கியவருக்குப் பழைய வரிப் பாக்கி தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று கருதவும் இடமில்லை. எனவே சொத்து மாற்றுச் சட்டம் 100-ம் பிரிவின் பாதுகாப்பு அவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் அதை நம்பி நீங்கள் வழக்குக்குப் போக வேண்டாம் என்பேன். விசாரித்திருக்க வேண்டியதை விசாரிக்காமல் விட்டவரையும் "தெரிந்தவர்" என்றே அதே சட்டத்தின் 3-ம் பிரிவு கருதும். உங்கள் கையில் இறந்தவர் பெயரில் ஒரு பழைய ரசீது இருந்தது. நிலுவையை இணையத்தில் பார்க்கவும் வழி இருந்தது. இந்த இரண்டையும் எதிர்த்தரப்பு சுட்டிக்காட்டினால் பதில் சொல்வது கடினம்.

ஆகவே விற்றவருக்கு முதலில் பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். அவர் கட்டாவிட்டால், ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நீங்கள் கட்டி, ரசீதை வைத்து அவரிடம் வசூலியுங்கள். தாமதம் உங்களுக்குத்தான் நஷ்டம். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டப்படி, தாமதமான வரிக்கு மாதம் 1 சதவீதம் தனிவட்டி ஏறும். அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் கட்டுபவருக்கோ 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை கிடைக்கும்.

மாடி வீட்டுக்கும் தொழில் கணக்கா?

ஒரு கட்டடத்தின் வரியை முக்கியமாகத் தீர்மானிப்பவை நான்கு: எந்தப் பகுதி, எத்தனை சதுர அடி, எத்தனை வயது, என்ன பயன்பாடு. கடைசியில் உள்ள பயன்பாடுதான் திருப்பூரில் அதிகம் சிக்கலாகிறது. கீழே மெஷின், மேலே குடித்தனம் என்பது இந்த ஊரின் இயல்பு. 2022 ஏப்ரல் 1 முதல் வந்த பொதுச் சீராய்வில், சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் குடியிருப்புக்கு 600 சதுர அடி வரை 25, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று உயர்வு வைக்கப்பட்டது. தொழிற்கூடங்களுக்கு 75 சதவீதம். வணிகப் பயன்பாட்டுக்கு 100. அரையாண்டுக்கு 1,200 ரூபாயாக இருந்த வரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1,000 சதுர அடி வீடானால் 1,800 ரூபாய், தொழிற்கூடமானால் 2,100, கடையானால் 2,400 என்று ஆகும். பயன்பாட்டுக் கட்டத்தில் எழுதியிருக்கும் ஒரே சொல் ஒவ்வோர் அரையாண்டும் உங்கள் பணத்தை முடிவுசெய்கிறது.

சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்பது அரசியலமைப்பின் 265-வது கூறு. குடியிருப்பைத் தொழிற்கூடம் என்று கணக்கிட அதிகாரம் இல்லை. கீழ்த்தளத்துக்குத் தொழில் கணக்கு சரி. அதை மறுக்க வேண்டாம். மாடியின் இரண்டு வீடுகளையும் தனியே அளந்து குடியிருப்பாக வைக்கும்படி ஆணையருக்கு ஆட்சேபணை மனு கொடுங்கள். வாடகை ஒப்பந்தங்கள், மாடிக்கு உள்ள வீட்டு மின் இணைப்பின் அட்டை, குடியிருப்போரின் குடும்ப அட்டை நகல், தளவாரியான வரைபடம், புகைப்படங்கள் ஆகியவற்றை இணையுங்கள்.

எந்தத் தேதியிலிருந்து தொழில் பயன்பாடு என்று கணக்கிட்டார்கள் என்பதையும் கேளுங்கள். நீங்கள் மெஷின் போட்டது சென்ற ஆண்டு. உங்கள் ஜிஎஸ்டி பதிவு, உத்யம் சான்று, கீழ்த்தளத்து மின் இணைப்பை மாற்றிய தேதி ஆகியவை அதற்குச் சாட்சி. அதற்கு முன் அங்கே குடித்தனம் இருந்திருந்தால், அந்த அரையாண்டுகளுக்குத் தொழில் கணக்கு பொருந்தாது. பாக்கித் தொகையே இதனால் குறையக்கூடும்.

ஆட்சேபணைக்கான காலக்கெடு நோட்டீஸிலேயே இருக்கும். அதற்குள் மனுவைக் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். நேரடியாக உயர் நீதிமன்றம் போனால், சட்டம் தந்த மேல்முறையீட்டு வழியை முதலில் பயன்படுத்துங்கள் என்றுதான் பெரும்பாலும் திருப்பி அனுப்புவார்கள்.

நோட்டீஸில் உள்ள மற்ற தலைப்புகளையும் பாருங்கள். சொத்து வரியோடு நூலக வரி சேர்ந்து வரும். அது 1948-ல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டத்தால் வந்தது. நியாயமான வரி, கேள்வி வேண்டாம். குடிநீர், பாதாளச் சாக்கடை, குப்பைக் கட்டணங்களுக்குத் தனிக் கணக்கு உண்டு. அந்த இணைப்புகளும் அப்பா பெயரிலேயே இருக்கக்கூடும். அவற்றின் நிலுவையையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

செய்ய வேண்டியவை, வரிசையாக

முதலில் ஆட்சேபணை மனு, காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. அதே வாரத்தில் பதிவேட்டு நகலுக்கு மனு, விற்றவருக்கு நோட்டீஸ். வாரிசுச் சான்றைப் பார்த்து உரிமையை உறுதிசெய்யுங்கள். பாக்கிக் கணக்கு முடிவானதும் கட்டி, கிரயப் பத்திரத்தையும் நிலுவை இல்லாத ரசீதையும் இணைத்துப் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். பெயர் மாறினால்தான் அடுத்த நோட்டீஸ் உங்கள் கைக்கு நேரத்தில் வரும். ஆட்சேபிக்கும் உரிமையும் காலம் கடக்காமல் இருக்கும்.

இடம் வாங்கப்போகும் மற்றவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். வில்லங்கச் சான்றும் பட்டாவும் பார்ப்பது போலவே, அட்வான்ஸ் கொடுக்கும் முன் நடப்பு அரையாண்டு வரி ரசீதையும் கேளுங்கள். அதில் உள்ள பெயர் விற்பவருடையதா, சதுர அடி கண்ணில் படும் கட்டடத்தோடு ஒத்துப்போகிறதா, பயன்பாடு சரியா, நிலுவை உண்டா என்று பாருங்கள். நான்கில் ஒன்று ஒத்துப்போகாவிட்டாலும், அதற்கு எழுத்தில் விளக்கம் வரும் வரை பணத்தைக் கையை விட்டு விடாதீர்கள். வருடக்கணக்கில் மெஷின் ஓட்டிச் சேர்த்த பணத்தைப் போட்டு வாங்கும் சொத்துக்கு இந்த ஒரு நாள் விசாரிப்பு அவசியம்.