ஒருவர் சம்மதம், பலர் விபரம்

"ஒளிப்பதற்கு எம்மிடம் என்ன இருக்கிறது?" என்று சொல்லி, கைத்தொலைபேசி கேட்கும் அனுமதிகளுக்கெல்லாம் பலர் சம்மதம் கொடுத்துவிடுகின்றனர். 2018ஆம் ஆண்டு வெளிவந்த செய்தியொன்று எம்மைச் சிந்திக்க வைக்கிறது.

பேஸ்புக்கில், ஆளின் குணத்தைக் கணிக்கும் வினாக்கொத்து ஒன்று 2014ஆம் ஆண்டளவில் உலாவியது. ஏறத்தாழ 3 இலட்சம் பேரே அதில் சேர்ந்தனர். ஆனால் அன்றைய விதிப்படி, ஒருவர் இணங்கினால் அவருடைய நண்பர்களின் விபரங்களையும் அது எடுக்க முடிந்தது. இவ்வாறு 8 கோடி 70 இலட்சம் பேர் வரையிலானோரின் விபரங்கள், கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா என்னும் தேர்தல் பிரசார நிறுவனத்தின் கைக்குச் சென்றிருக்கலாமெனப் பேஸ்புக்கே அறிவித்தது. 2019இல் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு பேஸ்புக்குக்கு 500 கோடி டொலர் தண்டம் விதித்தது. ஆனால் கைமாறிய விபரம் தண்டத்தால் திரும்பி வருவதில்லை.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? எமது தொலைபேசியிலுள்ள பெயர்ப் பட்டியல், எம்மை நம்பி இலக்கம் தந்தவர்களுடையது. தாம் இருக்குமிடம் பிறருக்குத் தெரியக்கூடாது என விரும்புபவரும் அதில் இருக்கலாம். அயலவர் கிணற்றில் அள்ள நாம் எவருக்கும் உத்தரவு கொடுப்பதில்லை. இதுவும் அவ்வாறே. தேவையின்றிக் கேட்டால் மறுப்போம். முன்னர் கொடுத்த அனுமதியை 'செட்டிங்ஸ்' பகுதியில் நீக்கலாம்.

கலந்துரையாடுவோம்:
1. டோர்ச் வெளிச்சம் தரும் செயலிக்குப் பெயர்ப் பட்டியல் எதற்கு?
2. எமது பிள்ளைகள் எவற்றுக்கெல்லாம் அனுமதி கொடுத்துள்ளனர்? இன்றே சேர்ந்து பார்ப்போமா?