விடையைக் கொஞ்சம் கையில் வைத்திருங்கள்

சமூக அறிவியல் வகுப்புக்குப் புதிதாகப் போகும் தம்பி, தங்கைகளுக்கு,

நம் பாடத்தைப் பிள்ளைகள் 'மனப்பாடப் பாடம்' என்று ஒதுக்குவதைப் பல ஆண்டுகள் பார்த்தவன் நான். அதை மாற்ற எனக்குக் கைகொடுத்தவை சிந்தனை விளையாட்டுகள். அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன்.

1. முதலில் கேள்வியைத் தேடுங்கள். ஒரே விடை உள்ள கேள்வி வினாடி வினாவுக்குப் போதும். இரண்டு பிள்ளைகள் இரண்டு விடை சொல்லி, இருவருமே காரணம் காட்ட முடிகிற கேள்விதான் சிந்தனை விளையாட்டுக்கு விதை.

2. கதையைப் பாதியில் நிறுத்துங்கள். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு, உப்புச் சட்டத்தை மீறி உப்பெடுக்க, நடக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுத்தால் தண்டனை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்தார். இங்கே நிறுத்திக் கேளுங்கள்: "நீங்கள் வழியிலுள்ள ஊர்க்காரர். என்ன செய்வீர்கள்?" ஐந்தைந்து பேராகப் பேசட்டும். பிறகு நடந்ததைச் சொல்லுங்கள்: சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள் ஊர்மக்கள். தானே வழி தேடித் திணறிய பிள்ளைக்கு இது ஆயுளுக்கும் மறக்காது. "பயமாயிருக்கு, கதவைச் சாத்திக்குவேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால் கடிந்துகொள்ளாதீர்கள். அந்தப் பயம் புரிந்தால்தான் பொட்டலம் கட்டியவர்களின் துணிச்சல் புரியும்.

3. விதியை எடைபோட விடுங்கள். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஊர்ச்சபைக்குக் குடத்திலிருந்து ஓலைச்சீட்டு எடுத்து உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையைச் சொல்கின்றன. வகுப்பில் ஒரு குடம் வையுங்கள். ஆளுக்கொரு அட்டை கொடுங்கள்: நிலமுள்ளவர், நிலமில்லாத உழவர், முப்பது வயதுக்காரர், கணக்குக் காட்டாத பழைய உறுப்பினர். பிறகு 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின் தகுதிகளைக் கரும்பலகையில் எழுதுங்கள்: வரி கட்டும் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, ஒழுங்காகக் கணக்குக் காட்டியிருத்தல். தகுதியில்லாதவர் சீட்டு குடத்துக்குள் போகாது. கணக்குக் காட்டாதவரை விலக்கியதை எல்லோரும் ஏற்பார்கள். நிலமில்லாதவரை விலக்கியது நியாயமா என்றதும் வகுப்பு இரண்டாகப் பிரியும். அந்தச் சூட்டில், 1989-இல் நம் வாக்குரிமை வயது 21-லிருந்து 18 ஆனதைச் சொல்லுங்கள். யார் உள்ளே, யார் வெளியே என்பது எந்தக் காலத்திலும் மனிதர் எடுக்கும் முடிவு என்பது அப்போது விளங்கும்.

4. வரைபடத்தையும் புதிராக்குங்கள். மலையும் ஆறும் மட்டும் வரைந்து, "கோயம்புத்தூரிலிருந்து கேரளத்துக்கு எந்த வழியாக ரயில் விடுவீர்கள்?" என்று கேளுங்கள். பாலக்காட்டுக் கணவாயைப் பிள்ளைகளின் விரலே கண்டுபிடிக்கும்.

5. பேசாத பிள்ளையை மறக்காதீர்கள். முதலில் இரண்டு நிமிடம் எல்லோரும் எழுதட்டும், பிறகு பேசட்டும். இல்லையென்றால் முன்பெஞ்சுக்காரர்கள் நாலு பேரே ஆடி முடித்துவிடுவார்கள்.

6. கடைசிப் பத்து நிமிடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். "ஏன் அப்படி நினைத்தாய்?" "இப்போது மனம் மாறிவிட்டதா?" என்று கேட்டு, அதன் பிறகே புத்தகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். இந்தப் பேச்சு இல்லாத விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு.

போர்ஷன் முடியாதே என்ற கவலை வரும். பாடத்துக்கு ஒரு விளையாட்டு போதும். விடை உங்கள் நாக்கு நுனியில் நிற்கும்போது ஐந்து நிமிடம் பொறுங்கள். அந்த ஐந்து நிமிடம் பிள்ளைகளுடையது.