வுழூத் தண்ணீரும் ஒரு பாடம்தான்

கேள்வி: உயர்தரம் கணிதப் பிரிவில் படிக்கிறேன். சுற்றாடல் பொறியியலாளராக ஆசை. பள்ளிவாசல் சேவையில் நேரம் போகிறது. விட்டுவிடவா? – மாணவர், றக்வான

பதில்: விடாதீர்கள் தம்பி, சேவையை உங்கள் துறையின் பக்கம் திருப்புங்கள். ஓடும் ஆற்றில் வுழூச் செய்தாலும் நீரை விரயமாக்கக் கூடாதென்பது நபிகளார் (ஸல்) வழிகாட்டல். உங்கள் பள்ளிவாசலில் வுழூவுக்கு ஒருவருக்கு எத்தனை லீற்றர் செலவாகிறது? வாளி வைத்து அளந்து பாருங்கள். ஒழுகும் குழாய்களை மாற்றுங்கள், வழிந்தோடும் நீரை மரங்களுக்கு விடுங்கள். அதுவே சுற்றாடல் பொறியியல்! 2003 மே மாத வெள்ளத்தையும் மண்சரிவையும் கண்ட உங்கள் இரத்தினபுரி மாவட்டத்துக்கு உங்களைப் போன்றவர்கள் அவசியம் வேண்டும்.

பேராதனையிலோ மொரட்டுவையிலோ குடிசார் பொறியியல் படித்தும் இத்துறைக்கு வரலாம். இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றிலும் நல்ல பெறுபேறு தேவை. எனவே பரீட்சை முடியும்வரை சேவைக்கு வெள்ளிக்கிழமை மாலை மட்டும்.